ஈயச்சொம்பு உருகினால் அது காரீயமா?

கும்பகோணத்து வெற்றிலை:
ரசப்பொடி இழையில் மாடிவீட்டான் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து காபி உள்ளே இறங்கவில்லை. அவர் வீட்டு ஈயச்சொம்பு அடுப்பிலேயே உருகிவிட்டதாம், உருகுவது காரீயம் (lead) என்ற விஷ உலோகம்தானாம், ஆகவே ஈயச்சொம்பு ரசம் மெதுவிஷமாம், நாமெல்லாம் பழசைக் கண்டால் பல்லிளிக்கும் கூட்டமாம். ஐயா, ஈயச்சொம்பு செய்கிற வெள்ளீயம் (tin) 232 டிகிரியிலேயே உருகிவிடும், காரீயத்துக்கு 327 வேண்டும். அப்படியிருக்க உருகினால் காரீயம் என்பது எந்த ஊர்க் கணக்கு? புளித்தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டில் பாவாடை கட்டிய குழந்தைக்கும் தெரியும். காலிச் சொம்பை வைத்துவிட்டுச் சொம்பின் மேல் பழி போடுகிறார்.

மாடிவீட்டான்:
காலியாக வைத்தேன் என்று உங்களிடம் யார் சொன்னது? அரைச் சொம்பு ரசம் இருந்தது. கொதி வரும் நேரம், கழுத்துப் பக்கம் மெழுகு மாதிரி வளைந்து, பளபளவென்று ஒரு சொட்டு பர்னர் மேல் விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

கும்பகோணத்து வெற்றிலை:
அரைச் சொம்பு ரசம் இருந்தால் உருகாது. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். ரசம் படுகிற உலோகம் 232-க்கு எப்படிப் போகும்? பள்ளிக்கூடப் பாடம்.

சும்மா வந்தவன்:
முதலில் சொம்பு எதனால் ஆனது என்று பாருங்களேன். வெள்ளீயம், காரீயம் இரண்டையும் "ஈயம்" என்றே சொல்கிறோம், சண்டை மொத்தமும் அந்த ஒரே சொல்லை வைத்துத்தான் நடக்கிறது. காரீயம் கையில் எடுத்தாலே கனக்கும், காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் கோடு விழும். இரண்டும் கலந்து வார்த்திருந்தால் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கலாம். கேஸ் அடுப்பின் தீ இதில் எதையும் உருக்கும், அதனால் உருகியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து இழுக்கும், அது விளையாட்டு இல்லை. ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

மாடிவீட்டான்:
என் சொம்பில் ரசம் இருந்தது. அதற்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

கும்பகோணத்து வெற்றிலை:
சொன்னேனே, ரசம் இருந்திருந்தால் உருகாது. உருகியது என்றால் ரசம் இல்லை.

கல்சட்டி மாமி:
வெற்றிலை தம்பி, ரொம்ப அடித்துப் பேசாதீர்கள். போன தைப்பொங்கலுக்கு உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் புதுக் கல்சட்டியை நேரே அடுப்பில் வைத்தேன். வத்தக்குழம்பு பாதியில் "டப்" என்று ஒரு சத்தம், பிளந்து மேடை முழுக்க ஓடிவிட்டது. மாக்கல்லை எண்ணெய் தடவி, சோறு வடித்த கஞ்சி ஊற்றி வைத்து, நாள் கணக்கில் பழக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

கும்பகோணத்து வெற்றிலை:
மாமி, பழக்கிய சட்டியைத்தான் சொன்னேன். பழைய இழையைத் தோண்டிப் பாருங்கள், எழுதியிருக்கிறேன்.

கல்சட்டி மாமி:
தோண்டினேன். எழுதவில்லை.

செட்டிநாட்டுத் திண்ணை:
மாடிவீட்டான் அந்தச் சொம்பைக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கினதாக முன்பு ஒரு தடவை பெருமை அடித்தார். அங்கே எனாமல் தூக்கு வாங்கலாம், பீங்கான் ஜாடி வாங்கலாம், தாத்தா காலத்து வெற்றிலைப் பெட்டி வாங்கலாம். வாயில் வைக்கிற பாத்திரத்தை எவன் வீட்டுப் பரணிலிருந்து வந்தது என்று தெரியாமல் வாங்குவார்களா? சொல்லப்போனால் அந்தத் தெருவுக்குள் போனாலே எனக்கு வயிறு எரிகிறது. ஒரு வீட்டை இடித்தால் பர்மா தேக்குக் கதவு ஒரு கடையில் நிற்கிறது, தூண் இன்னொரு கடையில் படுத்திருக்கிறது. நீங்கள் வரவேற்பறையில் வைத்துப் படம் போட்டு "அழகு" என்கிறீர்கள்.

மாடிவீட்டான்:
நாங்கள் வாங்கவில்லை என்றால் அந்தக் கதவு விறகாகியிருக்கும். ஊரை விட்டுப் போய் வீட்டைப் பூட்டிப் போட்டது நானா?

செட்டிநாட்டுத் திண்ணை:
பூட்டிப் போட்டவன் வலி உங்களுக்குத் தெரியாது. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? கண்ணாடித் தகட்டின் மேல் கையால் சாயம் ஊற்றிச் செய்கிற கல் அது. சித்திரையிலும் சில்லென்று இருக்கும்.

கும்பகோணத்து வெற்றிலை:
கல்லும் கதவும் அப்புறம். சொம்பில் ரசம் இருந்ததா என்பதுதான் கேள்வி. கடைக்காரர் எடை போட்டுத்தானே கொடுத்தார்? என்ன எடை? அதைச் சொல்ல மாட்டேன் என்கிறார். எங்கள் வீட்டுச் சொம்பு பாட்டியின் கல்யாணச் சீர். உள்ளே கையை விட்டுப் பார்த்தால் சுத்தியல் தட்டின குழிகள் விரலுக்குத் தெரியும். தினம் ரசம் கொதிக்கிறது, இதுவரை ஒரு சொட்டு உருகவில்லை. ஏன்? காலியாக வைத்ததில்லை.

சும்மா வந்தவன்:
ரசம் பாதிதான் இருந்தது, தீயை ஏற்றி வைத்திருந்தார் என்றால் ஜுவாலை ரச மட்டத்துக்கு மேலே ஏறி வெறும் உலோகத்தைத் தொட்டிருக்கும். கழுத்து மட்டும் உருகும். இரண்டு பேர் சொல்வதும் பொருந்துகிறது.

மாடிவீட்டான்:
பார்த்தீர்களா, ரசம் இருந்தும் உருகும் என்று அவரே சொல்லிவிட்டார். காரீயம்தான்.

கும்பகோணத்து வெற்றிலை:
எங்கே சொன்னார்? ரசம் இல்லாத இடம் உருகியது என்கிறார். ரசம் இல்லாத இடம் என்றால் காலி. காலியாக வைத்தீர்கள் என்றுதானே முதலிலிருந்து சொல்கிறேன்!

சும்மா வந்தவன்:
நான் போகிறேன்.

மாடிவீட்டான்:
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. இனிமேல் எவர்சில்வரில்தான் ரசம். மணக்கிறது, உயிரோடும் இருக்கிறேன்.

கும்பகோணத்து வெற்றிலை:
எவர்சில்வர் ரசத்துக்கு மணமா! சரி, அதை விடுங்கள். அரைச் சொம்பு என்றீர்களே, எத்தனை டம்ளர்?

கல்சட்டி மாமி:
தம்பி, என் சட்டிக்கு என்ன பதில்?