டிவியில் கொம்பியூட்டர் பூட்டின ஆட்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

உவர்மலையான்

கொம்பியூட்டரை டிவியில் பூட்டிப் படம் போட்டால் ஆட்கள் கதைக்கிறது கேட்காது, சண்டை தொடங்கினால் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும். இந்தக் கரைச்சல் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, முன்கதையை விடுகிறேன். பெரியப்பா வீட்டில் பழைய ஒபிஸ் கொம்பியூட்டர் பெட்டி ஒன்றை எங்கேயோ வாங்கி, கடைக்காரப் பொடியனே வந்து டிவியில் பூட்டிவிட்டுப் போயிருந்தான். நான் போன நேரம் மனிதர் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி கதிரை நுனியில் இருக்கிறார். கதாநாயகன் வாய் திறந்தால் சத்தம் 40க்கு ஏறும். ஜீப் வருகிற சத்தம் லேசாகக் கேட்டவுடனே 12க்கு இறக்கிவிடுவார். படத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கவே இல்லை. யார் எப்போது கதைப்பான், எப்போது அடிப்பான் என்பதில்தான் முழுக் கவனமும். இடைவேளைக்கு முன்னமே களைத்துப்போய், "தம்பி, இதைக் கழட்டிப்போட்டு பழைய டிவிடி பிளேயரையே பூட்டிவிடு" என்றார்.

காரணம் சின்னது. படத்தின் ஒலி 5.1, அதாவது ஆறு ஸ்பீக்கருக்கு என்று பிரித்த ஒலி. அதில் கதைக்கிறது பெரும்பாலும் நடு சனலில்தான் இருக்கும். விண்டோஸில் ஸ்பீக்கர் 5.1 என்று போட்டிருந்தது, டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். நடு சனலுக்குப் போக இடமில்லை. ஸ்டீரியோ என்று மாற்றிவிட்டு, படம் ஓட்டுகிற விஎல்சியில் எஃபெக்ட்ஸ் பகுதிக்குள் இருக்கும் கம்பிரஸரையும் போட்டேன். அதோடு சத்தம் ஒரு மட்டத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் மனிதர் நம்பவில்லை. இப்போதும் ஜீப்பைக் கண்டால் கை ரிமோட்டுக்குப் போகிறது. எனக்கு மனதில் நிற்பது அதுதான்.

சல்லி அக்கா

என்னுடையது படம் இல்லை, பாட்டு. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் விட்டுப்போன பழைய எம்பி3 சிடிக்கள். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, படம் பாட்டு ஓட்டுகிற கோடி (Kodi) மென்பொருளில் போட்டேன். அதுதான், முன்பு எக்ஸ்பிஎம்சி என்று இருந்து 2014இல் பேர் மாறின அதே சாமான். டிவியில் பாட்டுப் பட்டியல் விரிந்தால் ஒரு வரியும் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ கிடக்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர்கள். வினாம்பில் எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றிவைத்துப் பாட்டுக் கேட்ட காலத்தில் அவை தமிழாகத் தெரிந்திருக்கும். கோடிக்கு யூனிகோடு மட்டும்தான் தமிழ்.

ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் கேட்டுத்தான் பெயர் எழுத வேண்டும் என்று இருந்தேன். கச்சேரியில் (அரசாங்க அலுவலகத்தில்) தட்டச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார். கண்ணாடியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு டிவியைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். வாசித்தார் என்றால், கடகடவென்று! "எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அம்மா. அடுத்ததுக்குப் போ பிள்ளை." இத்தனை வருஷமாக விரல் அடித்ததைக் கண் அப்படியே திருப்பி வாசிக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

அவருக்கு வேலை வைக்கக் கூடாது என்று, பாட்டின் குறிப்புகளை எம்பி3டேக்கில் ஒரு பட்டியலாக வெளியே எடுத்து, யூனிகோடு மாற்றியில் போட்டு, திரும்ப ஏற்றினேன். தமிழ்ப் பெயர்கள் சரியாக வந்தன. ஆனால் ஆங்கிலத்தில் இருந்தவற்றையும் மாற்றி விழுங்கிவிட்டது. 'ரீமிக்ஸ்' என்று ஆங்கிலத்தில் இருந்த இடமெல்லாம் 'சுநஅைஒ'. மாமா அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இது இங்கிலிஸ், மாத்தாதே எண்டு நான் சொல்லியிருப்பன்" என்று போய்விட்டார்.

நிலாவெளி ரோட்

உவர்மலை ஆட்களுக்குச் சத்தம்தான் பிரச்சினை. கடற்கரை உப்புக் காற்றில் இருக்கிற எங்களுக்கு அதற்கு முன்னமே ஆயிரம் பிரச்சினை.

மாரி முடிந்து ஒருநாள் சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, டிவியில் படம் இல்லை. பீப், பீப், பீப். டவுனுக்குக் கொண்டுபோனேன். மேசையில் வைத்த கையோடு, மூடியைக்கூடத் திறக்காமல், "மதர்போர்ட் போயிட்டு" என்று விலை சொன்னார்கள். திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் திறக்கப் பார்த்தால் ஸ்குரூ ஒன்று பாதியோடு முறிந்து கையில் வருகிறது, அவ்வளவு துரு. உள்ளே ஹீட்சிங்க் தகடுகளில் வெள்ளைத் தூள் பூத்துக் கிடக்கிறது. எச்டிஎம்ஐ வயரின் முனையில் பச்சை. ரம் (RAM) நினைவகத் துண்டைக் கழற்றினால் தங்க நிற விளிம்பு கறுத்துப்போய் இருந்தது. மகளின் அழிறப்பரை வாங்கி மெல்லத் தேய்த்துத் திரும்பக் குத்தினேன். ஒரு பீப், படம் வந்துவிட்டது.

அந்தப் பெட்டி இன்றைக்கும் ஓடுகிறது. மூடி திறக்காமல் விலை சொன்ன அந்தக் குரல்தான் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பாலையூற்று பழசு

நிலாவெளித் தம்பி, பெட்டி ஓடினது நல்ல விஷயம். ஆனால் அழிறப்பரால் தேய்க்கச் சொல்லி ஆட்களைப் பழக்காதேயும். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, இரண்டு மூன்று மாரிக்குத் தேய்த்தால் அடியில் உள்ள உலோகம் வெளியே வந்துவிடும். அப்புறம் உப்புக் காற்றுக்குக் கொண்டாட்டம். ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். ரம்மை இரண்டு தரம் கழற்றிக் குத்துவதிலேயே பாதிப் பீப் போய்விடும்.

எனக்கும் ஒன்று நடந்ததுதான். நண்பர் வீட்டில் புதிய 4கே டிவி. பெட்டியில் எச்இவிசி என்ற புதிய முறையில் சுருக்கின 10 பிட் படக் கோப்பு ஒன்றைப் போட்டோம். சத்தம் போகிறது, படம் நின்று நின்று வருகிறது, காற்றாடி ஹெலிகொப்டர் மாதிரி. நண்பர் டிவியைத்தான் ஏசினார், திணறினது பெட்டி. அவ்வளவுதான் கதை.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். இப்போது கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒபிஸ்களில் கழித்த ஒப்டிபிளெக்ஸ், திங்சென்டர் வகைதான். குற்றமில்லை, நல்ல பெட்டிகள். ஆனால் 'ஐ5' என்ற சிப் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, அடுத்து வரும் இலக்கத்தைப் பாருங்கள். 2015இல் வந்த ஆறாம் தலைமுறை இன்டெல் சாதாரண 8 பிட் எச்இவிசியைத் தானே அவிழ்க்கும், 10 பிட் வந்தால் திணறும். ஏழாம் தலைமுறையில்தான் 10 பிட்டும் சேர்ந்தது. 7500 என்றால் ஏழு, 6500 என்றால் ஆறு. விலையில் சின்ன வித்தியாசம், பார்ப்பதில் பெரிய வித்தியாசம். அதைவிடப் புதிய ஏவி1 முறை வேண்டுமென்றால் பதினோராம் தலைமுறைக்குப் போக வேண்டும், வீட்டில் படம் பார்க்க அதற்குக் காசு போடாதீர்கள். கடையிலேயே ஒரு 10 பிட் கோப்பை ஓடவிட்டு, டாஸ்க் மனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து 'வீடியோ டிகோட்' கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். அது தட்டையாகக் கிடந்து சிபியு மட்டும் ஏறினால் அந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம்.

அதைவிடப் பழையது கையில் இருந்தால் எறியவும் வேண்டாம். யூடியூப் இழுத்தால் பிரவுசரில் எச்264ஃபை என்ற சேர்க்கையைப் போடுங்கள். யூடியூப் பழைய எச்.264 வடிவத்தில் படத்தை அனுப்பும், பெட்டிக்குச் சுமை குறையும். 1080க்கு மேல் கிடைக்காது, அந்த டிவிக்கு அது போதும். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறைப் பெட்டியை விண்டோஸ் 11 ஏற்காது. படம் பாட்டு மட்டும் போதுமென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லிப்ரீஎலெக் என்று ஒன்று இருக்கிறது, பென்டிரைவிலிருந்தே கிளம்பும், நேரே கோடிக்குள் போய் நிற்கும். அதில் பிரவுசர் கிடையாது என்பதை வீட்டுக்காரியிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து

பழசு காக்கா, நீங்க சொன்ன கதை நாலு வரி, புத்திமதி நாப்பது வரி. 😀

நம்மட கதை இதைவிடச் சின்னன். பெருநாளுக்குக் குடும்பமே கூடி இருக்குது, நான் டவுனிலிருந்து பென்டிரைவோடு வாறன். மருமகன் ஏத்தித் தந்த படம் பாதியில் நின்றுபோன கோப்பு. பென்டிரைவ் ஃபட்32, அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் ஏறாது. 32 ஜிபியில் மிச்சமெல்லாம் சும்மா கிடக்குது! அத்தனை கண்ணும் என்னையே பார்த்தது இருக்கே... பென்டிரைவை எக்ஸ்ஃபட் அல்லது என்டிஎஃப்எஸ் என்று ஃபோர்மட் பண்ணி வைங்க. டிவியிலேயே நேரே குத்துவதென்றால் உங்கட டிவி எதை வாசிக்கும் என்று முதல் பாருங்க.

என்.சி. வீதி

எனக்குத் திருகோணமலைக் கோணேசர் சிவராத்திரி நகர்வல வீடியோ. மினிடீவி (MiniDV) கமரா கசெட்டில் எடுத்தது, ஆள் வைத்து ஹார்ட் டிஸ்குக்கு மாற்றினோம். பழைய குழாய் டிவியில் பார்த்தபோது அழகாக இருந்தது. புதிய டிவியில் கொம்பியூட்டர் வழியாகப் போட்டால் சுவாமி தெருவால் வருகிற நேரம் எல்லா விளிம்பும் சீப்புப் பல்லாகக் கிழிகிறது. வாசலில் நிறைகுடத்தோடு நிற்கும் அம்மாச்சி அசையாமல் நிற்கிறாரே, அவர் மட்டும் தெளிவு. பக்கத்தில் ஓடித் திரிகிற நான் கோடுகோடாகப் போகிறேன். மாற்றித் தந்தவர் "கசெட் பழுது" என்று கைகழுவிவிட்டார்.

கசெட்டுக்கு ஒன்றும் இல்லை. நம் நாட்டில் பால் (PAL) என்ற டிவி முறை, செக்கனுக்கு 25 படம். ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று இரண்டு பாதியாகப் பதிவாகும், இரண்டு பாதிக்கும் நடுவே நேர வித்தியாசம் உண்டு. குழாய் டிவி அதை அப்படியே மாறிமாறிக் காட்டும். கொம்பியூட்டர் இரண்டையும் ஒன்றாக ஒட்டிக் காட்டுகிறது. விஎல்சியில் டீஇன்டர்லேஸை 'ஒன்' ஆக்கி, முறையை 'யாடிஃப் 2எக்ஸ்' என்று வைத்தேன். கிழிசல் போய்விட்டது. ஆனாலும் கமரா பக்கவாட்டில் திரும்பும்போது ஒரு வெட்டு வெட்டியது. டிவிக்கு 60 ஹெர்ட்ஸில் போகிறது, வீடியோவோ இரண்டு பாதியும் தனித்தனிப் படமாகி 50. டிஸ்பிளே செட்டிங்கில் 50 ஆக்கினேன். அப்படியே எண்ணெயாக ஓடியது.

சினிமாப் படத்துக்கு இதே வெட்டு வந்தால், அது செக்கனுக்கு 24 படம் என்பதால். கோடியில் 'அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதைப் போட்டால் கோப்புக்கு ஏற்ப அதுவே மாற்றிக்கொள்ளும். இதற்கு மருந்து என்று சொல்லி எனக்குக் கிராபிக்ஸ் கார்ட் விற்கப் பார்த்தார்கள்.

டொக்யார்ட் பக்கம்

எல்லாரும் படத்தையும் சத்தத்தையும் பற்றிக் கதைக்கிறீர்கள். எனக்கு நடந்தது வேறு.

வீட்டுப் பெட்டியின் பின்பக்கம் எச்டிஎம்ஐ குத்தக் கையை விட்டேன். சீமெந்துத் தரை, வெறுங்கால், வியர்வை. விரலில் சுருசுருவென்று ஊர்ந்தது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன், திரும்ப ஊர்ந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் பெட்டியின் இரும்பு உடம்பில் டெஸ்டர் மினுங்குகிறது! ரிமோட்டோடு கதிரையில் இருந்த தம்பியார் "அது எப்பவும் அப்பிடித்தான், செருப்புப் போட்டுக்கொண்டு தொடு" என்கிறான். எப்பவும் அப்படித்தானாம்.

பிளக்கைப் பார்த்தேன். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடப்டரில் செருகி, அதைப் பழைய எக்ஸ்டென்ஷனில் குத்தியிருந்தார்கள். எர்த் எங்கேயோ அறுந்துபோயிற்று. பவர் சப்ளைக்குள்ளே லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் இரும்பு உடம்புக்கு இரண்டு சின்னக் கப்பாசிட்டர் இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு நிலத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230இல் பாதி, 115 வோல்ட் அளவு பெட்டியின் உடம்பில் மிதக்கும்.

உவர்மலையான்

அண்ணா, அது எல்லா வீட்டிலும் இருக்கிறதுதானே. ஆளைக் கொல்கிற அளவு கரண்ட் இல்லை. ட்ரிப் சுவிட்சும் இருக்கிறது. சும்மா ஆட்களைப் பயப்படுத்தாதீர்கள்.

டொக்யார்ட் பக்கம்

தம்பி, ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் கசிந்தால்தான் விழும். இது ஒன்றுகூட வராது, அது விழவே விழாது. இன்றைக்கு ஊருகிறது கொல்லாது, சரி. நாளைக்குப் பவர் சப்ளை பழுதாகி லைன் நேரே உடம்பில் பட்டால்? எர்த் இருந்தால் அந்த நொடியே ட்ரிப் விழும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை காத்திருக்கும். உங்கள் பெரியப்பா வீட்டுப் பெட்டியும் பழசுதானே, டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

அதோடு டிவிக்கு டிஷ் வயர் வந்தால் அந்தப் பக்கம் வேறு ஒரு எர்த். மிதக்கிற பெட்டியை ஓடவிட்டபடியே எச்டிஎம்ஐ குத்தினால் அந்த வயர் குத்துகிற போர்ட் எரியவும் கூடும். இரண்டையும் பிளக்கிலேயே நிறுத்திவிட்டு, முதலில் எச்டிஎம்ஐ, பிறகு கரண்ட்.

நிலாவெளி ரோட்

அண்ணா, எங்கள் பக்கம் வளவெல்லாம் மணல். எர்த் கம்பி அடித்திருக்கிறது, ஆனால் சித்திரை வெயிலுக்கு மணல் காய்ந்தால் டெஸ்டர் திரும்ப மினுங்குகிறது. கம்பியை இன்னும் ஆழமாக இறக்கவா, இரண்டாவது ஒன்று அடிக்கவா?

டொக்யார்ட் பக்கம்

முதலில் கம்பியில் வயர் பூட்டின இடத்தைப் பாரும், உங்கள் பக்கம் அந்தக் கிளாம்ப்தான் முதலில் துருப்பிடிக்கும். அது சரியாக இருந்தால் ஈரமண் வரும்வரை ஆழம். இரண்டாவது கம்பி அடிப்பதென்றால் முதல் கம்பியிலிருந்து குறைந்தது அதன் நீளம் அளவாவது தள்ளி அடிக்க வேண்டும். லைசன்ஸ் உள்ள வயரிங் ஆளைக் கூப்பிட்டு மீட்டர் வைத்து அளக்கச் சொல்லும், டெஸ்டர் மினுங்கலை வைத்து ஒன்றும் முடிவெடுக்க ஏலாது.