அப்பா கையெழுத்து மட்டும் போதாது: பிள்ளையோடு வெளிநாடு வந்தவர்களுக்கு

வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, பிள்ளையை நான் மட்டும் கூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போய் வரலாமா என்று புதிதாக வந்தவர்கள் பலர் கேட்கிறீர்கள். போகலாம். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒப்புதல் கடிதம் எழுதி வாங்கிவிடுங்கள். கணவன் மனைவிக்குள் எந்தச் சிக்கலும் இல்லாத வீடாக இருந்தாலும் வாங்குங்கள். குடியேற்ற அதிகாரிக்கு உங்கள் வீட்டு நிலவரம் தெரியாது. ஒரு பெரியவரோடு ஒரு மைனர் நாட்டை விட்டுப் போகிறான், இன்னொருவருக்கு இது தெரியுமா என்று கேட்பது அவர் வேலை.

நம்மில் பலர் அப்பா கையெழுத்துப் போட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று பழகி வந்தவர்கள். இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து காப்பாளர் சட்டமே தகப்பனை முதலில் வைத்து, தாயை அவருக்கு அடுத்துதான் சொன்னது. தகப்பன் உயிரோடு இருக்கும்போதும் தேவைப்படும் சூழ்நிலையில் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. நீங்கள் வந்திருக்கும் நாட்டில் பெரும்பாலும் தாய், தகப்பன் இருவருக்கும் சம உரிமைதான். ஒருவருடைய உரிமையை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் திருமணம் ஆகாத தகப்பனுக்கு அது தானாக வராத இடங்களும் உண்டு. ஜெர்மனியில் இருவரும் சேர்ந்து முறைப்படி அறிவிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 டிசம்பர் 1 முதல் பிறப்பைப் பதிந்தபோது தகப்பன் பெயரும் சேர்ந்திருந்தால் உரிமை வந்துவிடும்.

சரி, கடிதத்தில் என்ன எழுதுவது? பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், யாரோடு போகிறது, எங்கே தங்கப் போகிறது, போகும் தேதி, திரும்பும் தேதி, கையெழுத்துப் போடுபவரை உடனே பிடிக்க ஒரு தொலைபேசி எண். இவ்வளவுதான். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் நல்லது. கனடா போன்ற நாடுகளில் சட்டம் இந்தக் கடிதத்தைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் அரசே கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது, அதிகாரி கேட்கவும் கேட்பார். உங்கள் பாஸ்போர்ட்டிலும் பிள்ளையின் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் வேறு வேறாக இருந்தால் (நம்மில் பலருக்கு அப்படித்தான்) பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், பெற்றவளையே யார் என்று கேட்கும் நிலை வரக்கூடாது. விவாகரத்து ஆனவர்கள் தீர்ப்பின் நகலையும், துணையை இழந்தவர்கள் இறப்புச் சான்றிதழையும் வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் வாங்கிய ஆவணம் என்றால் பல நாடுகளில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு போட்டுத் தரும் சான்று) கேட்பார்கள், அதைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

பாஸ்போர்ட் விஷயமும் இதே கதைதான். அமெரிக்காவில் 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இருவரும் நேரில் வர வேண்டும், வர முடியாதவர் நோட்டரி கையெழுத்தோடு ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் பொதுவாக இருவர் ஒப்புதலும் வேண்டும்.

பிள்ளையைப் படிப்புக்காக யார் வீட்டிலாவது விட்டுவிட்டு வேலைக்காக வேறு நாடு போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை, தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவு இல்லாத ஒருவர் வீட்டில் 28 நாட்கள் அல்லது அதற்கு மேல் தங்கினால் உள்ளூர் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். குடும்ப நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது பொருந்தும். அப்புறம், அவர் பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் பள்ளியில் கையெழுத்துப் போடவும் நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும்.

வயது ஏற ஏற உங்கள் உரிமை சுருங்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 14 வயதில் பிள்ளை தானே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம், இங்கிலாந்தில் 16இல். அமெரிக்காவில் 18 ஆனதும் கல்விப் பதிவுகள் மாணவரின் உரிமை, கட்டணம் கட்டுவது நீங்கள் என்றாலும் கல்லூரி உங்களிடம் மதிப்பெண்ணைச் சொல்லியாக வேண்டும் என்றில்லை. கண்டிக்கும் உரிமை என்ற பெயரில் அடிப்பதற்கும் இடமில்லாத நாடுகள் பல. ஸ்வீடன் 1979இலேயே தடை செய்துவிட்டது, ஜெர்மனி 2000இல், ஸ்காட்லாந்து 2020இல்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறு ஒன்று. வீட்டில் சண்டை முற்றி, மனம் வெறுத்துப்போய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் விமானம் ஏறிவிடுவது. பெற்ற பிள்ளையைக் கூட்டிப்போவது எப்படிக் குற்றமாகும் என்று தோன்றும். இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை, உரிமையுள்ள மற்றவரின் ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோனால் கடத்தல் வழக்கு வரலாம், பெற்றவர் என்பதால் மட்டும் தப்ப முடியாது. இப்படி ஒப்புதல் இல்லாமல் வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப்படும் பிள்ளைகளுக்காக 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. அதில் இருக்கும் நாடுகள், பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே அதைத் திருப்பி அனுப்ப உடன்பட்டவை. குடியுரிமை எது என்பது அங்கே பெரிதில்லை, பள்ளியும் வீடும் எங்கே இருந்தன என்பதுதான் கேள்வி. இலங்கையும் சிங்கப்பூரும் இதில் இருக்கின்றன. இந்தியா சேரவில்லை, ஆனால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். இந்திய நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனைப் பார்த்து முடிவெடுக்கின்றன, திருப்பி அனுப்பச் சொன்ன தீர்ப்புகளும் உண்டு.

வீட்டில் அடி உதை இருந்தால் பொறுத்துக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லவே இல்லை. பிள்ளையோடு பாதுகாப்பான இடத்துக்கு உடனே போங்கள், ஆனால் அந்த நாட்டுக்குள்ளேயே போங்கள். காவல்துறையிடமும் குடும்ப வழக்கறிஞரிடமும் பேசி, ஊருக்குத் திரும்ப வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் அனுமதி கேளுங்கள். மாறாக, உங்கள் துணை பிள்ளையை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார் என்றால் சொந்தக்காரர்களை வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று மாதங்களைக் கடத்த வேண்டாம். ஒப்பந்த நாடாக இருந்தால், நீங்கள் இருக்கும் நாட்டில் இதற்கென்றே ஒரு மைய அதிகார அமைப்பு இருக்கும், அங்கே விண்ணப்பியுங்கள். ஓராண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும். அது தாண்டினால், பிள்ளை புது இடத்தில் ஊன்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம்.