ஈ.கோலையை உருண்டையாக்க முயன்றால் நூல்போல் நீள்கிறது: எங்கே தவறுகிறேன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் எம்ஜி1655 இனத்தில், தடி வடிவத்தைக் காக்கும் எம்ஆர்ஈபி மரபணுவை, வெட்டாமல் அதன் வெளிப்பாட்டை மட்டும் தடுக்கும் கிரிஸ்பர்-ஐ முறையில் அடக்கிச் செல்களைப் பெரிய உருண்டைகளாக்க வேண்டும் என்பதும், அந்த இடவசதியில் பிஎச்பி என்னும் உயிரிப் பிளாஸ்டிக் துகள்களைக் கூடுதலாகச் சேர்த்துவைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பதும் என் வேலை. சிங்குவா பல்கலைக்கழகத்தில் குவோ-சியாங் சென் குழுவினர் 2015, 2016 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்துத்தான் இதில் இறங்கினேன். பிஎச்பி மரபணுக்களை இன்னும் சேர்க்கவில்லை; முதலில் வடிவம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

வழிகாட்டி ஆர்என்ஏ காட்டும் இடத்தில் ஒட்டி மரபணுவை மறிக்கும் டிகாஸ்9 புரதம் ஒரு பிளாஸ்மிட்டில் (குரோமோசோமுக்கு வெளியே தனியே இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில்), அன்ஹைட்ரோடெட்ராசைக்ளின் தூண்டியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எம்ஆர்ஈபியின் தொடக்கப் பகுதியைக் குறிவைக்கும் வழிகாட்டி ஆர்என்ஏ மற்றொரு பிளாஸ்மிட்டில், எப்போதும் உற்பத்தியாகும்படி இருக்கிறது. எல்பி என்னும் வளமான ஊடகத்தில், 37 டிகிரியில், ஓடி (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.1 வந்ததும் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் தூண்டி சேர்க்கிறேன்.

முதல் மணி நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டமான செல்கள் தெரிகின்றன. மூன்றாம் மணி நேரத்தில், உருண்டைகளுக்குப் பதிலாகப் பாதிக்கு மேற்பட்ட செல்கள் நூல்போல் நீண்டு கிடக்கின்றன. சில மட்டும் வீங்கியிருக்கின்றன. ஐந்தாம் மணி நேரத்தில் ஓடி சரிந்து, குடுவையைச் சாய்த்தால் கரைசல் கோழைபோல் இழுபடுகிறது. அப்படியே இரவு முழுவதும் குலுக்கியில் விட்டால், காலையில் கலங்கல் மீண்டும் ஏறி, பார்க்கும் செல்கள் எல்லாம் பழைய தடிகளாகவே இருக்கின்றன. ஐந்து முறை செய்தும் இதே கதைதான். வழிகாட்டியின் வரிசையைச் சரிபார்த்துவிட்டேன், அதில் பிழையில்லை. நூல்கள் ஏன் வருகின்றன, உருண்டைகள் ஏன் நிலைப்பதில்லை என்று யாராவது விளக்க முடியுமா?

பதில் 1

நண்பரே, உங்கள் விவரத்தில் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனையைக் காணவில்லை. டிகாஸ்9 இருந்து, ஈ.கோலையின் எந்த இடத்திலும் பொருந்தாத வழிகாட்டி இருக்கும் செல்களுக்கு இதே அளவு தூண்டி கொடுத்துப் பார்த்தீர்களா? டிகாஸ்9 அளவுக்கு மீறி உற்பத்தியானால், குறி எதுவும் இல்லாமலேயே ஈ.கோலை நூல்போல் நீளும் என்று 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வு, வழிகாட்டியில் பிஏஎம் வரிசையை (டிகாஸ்9 ஒட்டுவதற்குக் குறியின் அருகே டிஎன்ஏவில் இருக்க வேண்டிய குறுவரிசை) ஒட்டிய ஐந்து எழுத்துகள் சில குறிப்பிட்ட விதங்களில் அமைந்தால், குறி எதுவானாலும் அது செல்லுக்கு நஞ்சாகிறது என்றும், டிகாஸ்9 அளவைக் குறைத்தால் அந்தத் தொல்லை குறைகிறது என்றும் காட்டியது. எம்ஆர்ஈபி குறைந்தால் செல் தடிக்கும். பிரிவு தடைப்பட்டால்தான் அது நூலாக நீளும். இரண்டும் வெவ்வேறு நோய்கள். உங்கள் குடுவையில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. முதல் மணி நேரத்தில் கண்ட வட்டங்களை நம்ப வேண்டாம். சொட்டு நீரில் மூடுகண்ணாடி வைத்துப் பார்த்தால், நட்டமாக நிற்கும் தடி மேலிருந்து வட்டமாகத்தான் தெரியும். 1 விழுக்காடு அகரோஸில் மெல்லிய திண்டு ஊற்றி, அதன்மேல் 1 மைக்ரோலிட்டர் வைத்து, நீர் உறிஞ்சப்படும்வரை பொறுத்து மூடிப் பாருங்கள். செல்கள் எல்லாம் படுத்துவிடும்.

பதில் 2

முந்தைய பதிலோடு முழுமையாக உடன்படுகிறேன். பல ஆண்டுகளாகச் செல்சுவரில் வேலை செய்பவன் என்ற முறையில், சரிவைப் பற்றியும் காலையில் திரும்பும் தடிகளைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கிரிஸ்பர்-ஐ புதிய உற்பத்தியை மட்டுமே நிறுத்துகிறது. ஏற்கெனவே இருக்கும் எம்ஆர்ஈபி அப்படியே இருந்து, ஒவ்வொரு பிரிவிலும் பாதிபாதியாகப் பங்கிடப்படுகிறது. நான்கு தலைமுறை கழிந்தால்தான் பதினாறில் ஒரு பங்காகிறது. ஆகவே முதல் மணி நேரத்தில் மாற்றம் தெரியாதது இயல்பே. அதன் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. எம்ஆர்ஈபி நம் தசையில் உள்ள ஆக்டினின் உறவுக்காரப் புரதம். பக்கச்சுவரில் பெப்டிடோகிளைக்கன் என்னும் சுவர்ப்பொருள் புதிதாக எங்கே, எந்தத் திசையில் கோக்கப்பட வேண்டும் என்பதை ராட்ஏ, பிபிபி2 முதலிய புரதங்களோடு சேர்ந்து அது ஒழுங்குபடுத்துகிறது. அது குறைந்ததும் குறுக்களவு கூடுகிறது. 1 மைக்ரான் தடிமனுள்ள தடியின் இடுப்புச் சுற்று 3 மைக்ரானுக்குச் சற்று அதிகம். 3 மைக்ரான் உருண்டைக்கு அது 9 மைக்ரானைத் தாண்டுகிறது. பிரிவு வளையத்தைக் கட்டும் எஃப்டிஎஸ்-இசட் புரதம் அந்த நீண்ட சுற்றை வளைக்கப் போதாமல் போகிறது. பிரிய முடியாத செல், எல்பியின் செழிப்பில் மேலும் ஊதி, ஒரு கட்டத்தில் வெடிக்கிறது. நீங்கள் கண்ட கோழை, வெடித்த செல்களிலிருந்து வெளிவந்த டிஎன்ஏ.

பெண்டெசூவும் டி போயரும் 2008-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: எம்ஆர்ஈபி உள்ளிட்ட எம்ஆர்ஈ மரபணுக்களை இழந்த ஈ.கோலை, வளமான ஊடகத்தில் பிழைப்பதில்லை. ஆனால் எம்9 போன்ற எளிய ஊடகத்தில் மெதுவாக வளரும்போதும், எஃப்டிஎஸ்-இசட் கூடுதலாகக் கிடைக்கும்போதும் சிறிய உருண்டைகளாகப் பெருகுகிறது. லைசோசைம் போட்டுச் சுவரைக் கரைத்து உண்டாக்கும் உருண்டையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே சுவர் முழுமையாகவே இருக்கிறது, அதன் வடிவம் மட்டுமே மாறியிருக்கிறது.

காலையில் தெரியும் தடிகள் குணமான செல்கள் அல்ல. டிகாஸ்9 அல்லது வழிகாட்டி கெட்டுப்போன சில செல்கள், மற்றவை மடிந்த இடத்தில் பெருகியவை. அவற்றின் பிளாஸ்மிட்டைப் பிரித்து வரிசைப்படுத்தினால் தெரிந்துவிடும். அந்தக் கரைசலிலிருந்து அடுத்த சோதனையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

ஒரு பழைய நிகழ்வையும் சொல்ல வேண்டும். எம்ஆர்ஈபி செல்லுக்குள் சுருள்கம்பி போல் ஓடுகிறது என்றே நான் பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். ஈ.கோலையில் தெரிந்த அந்தச் சுருள், புரதத்தின் முனையில் மஞ்சள் ஒளிர்புரதத்தை ஒட்டியதால் வந்தது என்று 2012-இல் ஸ்வூலியஸும் ஜென்சனும் காட்டினார்கள். பார்ப்பதற்காக வைத்த கருவியே வடிவத்தை உண்டாக்கியிருந்தது. உங்கள் டிகாஸ்9 விஷயத்திலும் அதே கவனம் வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு வாரங்களில் சொன்னவற்றைச் செய்து பார்த்தேன். பொருந்தாத வழிகாட்டியோடு, அதே 200 நானோகிராமில், நூல்கள் அப்படியே வந்தன! அதாவது இத்தனை நாள் நான் எம்ஆர்ஈபியின் விளைவு என்று படம் பிடித்துவைத்தவற்றில் பெரும்பகுதி டிகாஸ்9-இன் விளைவு. தூண்டியை 5 நானோகிராமாகக் குறைத்ததும் கட்டுப்பாட்டுச் செல்கள் சாதாரணத் தடிகளாக இருக்கின்றன. குளுக்கோஸ் சேர்த்த எம்9-இல், எம்ஆர்ஈபி வழிகாட்டி உள்ள செல்கள் முதலில் எலுமிச்சை விதை போல் பருத்து, பத்து மணி நேரத்துக்குள் உருண்டன. அகரோஸ் திண்டில் பார்த்தபோது சில உருண்டைகள் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கி, வெற்றிலை வடிவத்தில் இருந்தன. இது சேதமா, பிரிவா?

மேலும், அடங்கியது எம்ஆர்ஈபிதான் என்று மெய்ப்பிக்க, அந்த மரபணுவை மட்டும் வேறொரு பிளாஸ்மிட்டில் வழிகாட்டி பிடிக்காதபடி எழுத்துகளை மாற்றித் திருப்பிக் கொடுத்தேன். தடி வடிவம் திரும்பவில்லை. இது ஏன் என்று புரியவில்லை.

பதில் 3

வெற்றிலை வடிவம் பிரிவுதான். மகிழ்ச்சியோடு படம் எடுத்துவையுங்கள். உருண்டை ஈ.கோலையில் பிரிவுப் பள்ளம் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து தொடங்குகிறது, அடுத்த பிரிவு முந்தையதற்குச் செங்குத்தான தளத்தில் நடக்கிறது. இதை பெக், டொனாச்சி ஆகியோர் 1998-இலேயே எழுதியிருக்கிறார்கள்.

மீட்புச் சோதனை தோற்றதற்குக் காரணம் மரபணுக்களின் அடுக்கு. எம்ஆர்ஈபிக்குப் பின்னால் எம்ஆர்ஈசி, எம்ஆர்ஈடி இரண்டும் ஒரே தொடரில் நிற்கின்றன. முன்னே டிகாஸ்9 வழிமறித்தால் பின்னால் உள்ளவையும் அடங்கும். ஆகவே மூன்றையும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்; எழுத்துமாற்றம் எம்ஆர்ஈபிக்கு மட்டும் போதும். குறுக்குச் சரிபார்ப்புக்கு, பிளாஸ்மிட் எதுவும் இல்லாத எம்ஜி1655-க்கு எம்ஆர்ஈபியைத் தடுக்கும் ஏ22 சேர்மத்தை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கொடுத்து, அந்த உருண்டைகளை உங்களுடையவற்றோடு ஒப்பிடுங்கள்.

பிஎச்பிக்குப் போகும்போது, தொடக்கத்திலிருந்தே உருண்டையாக வளர்க்காதீர்கள். தடிகளாகவே அடர்த்தி ஏறட்டும். வளர்ச்சி தளரத் தொடங்கும்போது தூண்டியைச் சேருங்கள். தூண்டி ஒளியில் சிதையும், அதனால் புட்டியையும் குடுவையையும் அலுமினியத் தாளில் சுற்றிவையுங்கள்.

கேட்டவர்

மூன்று மரபணுக்களையும் சேர்த்துக் கொடுத்ததும் தடி வடிவம் திரும்பிவிட்டது. ஏ22 கொடுத்த செல்களும் என் உருண்டைகளும் திண்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பிரித்தறிய முடியவில்லை. ஒவ்வொரு சோதனையையும் இப்போது உறைநிலைச் சேமிப்பிலிருந்து புதிதாகத் தொடங்குகிறேன். அதன் பிறகு காலைத் தடிகள் ஒருமுறைகூட வரவில்லை. அடுத்த வாரம் பிஎச்பி பிளாஸ்மிட்டைச் சேர்க்கிறேன். மூன்று பிளாஸ்மிட்டுகளை ஒரே செல் சுமப்பதில் தொல்லை வந்தால், டிகாஸ்9-ஐ குரோமோசோமிலேயே பதித்துவிட்டு இந்த இழையிலேயே விளைவைத் தெரிவிக்கிறேன்.