காளையால் பேச்சு நின்றுபோன மாமனும் மருமகளும்

கேள்வி – வாடிப்பட்டி அம்மா:
என் அண்ணன் பாலமேடு பக்கம் புலிக்குளம் காளை வளர்க்கிறார். என் மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது அண்ணன் வீட்டில் அடுப்பே எரியவில்லை. மகளோ அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறாள்: வாலை முறுக்கியது, கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியது. ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று 2023இல் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னதை அண்ணன் பதிலுக்கு நீட்டுகிறார். போன பொங்கலன்று அவள், "காளையை விற்றுவிடுங்கள் மாமா, வேலைக்குப் போனதும் இரண்டு மடங்கு விலை நான் தருகிறேன்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான். அன்றோடு பேச்சு நின்றது. வரும் தையில் அவளுக்குத் திருமணம். தாய்மாமன் சீர் வராத கல்யாணமா? இரண்டு பேருக்கும் மாடென்றால் உயிர். பிறகு ஏன் இப்படி?

பதில் – ஓய்வுபெற்ற வாத்தியார்:
அம்மா, விலை பேசியதுதான் வினை. 2007இல் ஜிஞ்சஸ், அட்ரான் முதலியோர் இஸ்ரேலியக் குடியேறிகளிடமும் பாலஸ்தீனர்களிடமும் ஆய்வு நடத்தினார்கள். புனிதமாகக் கருதுவதை விட்டுக்கொடுத்தால் பணமும் கிடைக்கும் என்றபோது கோபம் கூடியது. எதிர்த்தரப்பும் தனக்குப் புனிதமான ஒன்றை விட்டுக்கொடுக்கும் என்றபோது தணிந்தது. உங்கள் அண்ணன் காதில் "குலசாமிக்கு என்ன விலை" என்றுதான் விழுந்திருக்கும்.

பதில் – அலங்காநல்லூரான்:
அக்கா, நானும் காளை வளர்ப்பவன். சாராயம் ஊற்றி அவிழ்த்துவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் கதை கட்டவில்லை. ஆனால் காளையைப் பிள்ளையாக வளர்ப்பவனைக் கொடுமைக்காரன் என்றால் அவன் கையெடுத்துக் கும்பிடுவானா? இப்போது மருத்துவர் பார்க்காமல் காளை வாடிவாசலுக்குள் போக முடியாது. அதையாவது இருவரும் ஒப்புக்கொள்வார்கள்.

பதில் – கால்நடை மருத்துவர்:
அந்தப் பரிசோதனை வரிசையில் நின்றிருக்கிறேன். பரிசோதித்து அனுப்பினாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே உங்கள் மகளை மாறச் சொல்ல மாட்டேன். அண்ணனும் மாற மாட்டார். சீர்த்தட்டையும் காளையையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

வாடிப்பட்டி அம்மா:
மகளிடம் படித்துக் காட்டினேன். "ஜல்லிக்கட்டு பற்றிச் சொன்னதிலிருந்து பின்வாங்க மாட்டேன், பணம் என்றதை மட்டும் திரும்பப் பெறுகிறேன்" என்கிறாள். அண்ணியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பத்திரிகை வைக்க வெள்ளிக்கிழமை போகிறோம்; அவளும் வருகிறாள்.