உப்புத் தண்ணியில்தான் வைத்திருக்கிறேன், பள்ளத்தி மீனுக்கு ஏன் பஞ்சு பிடிக்கிறது?

பல்லடத்திலிருந்து:
வணக்கங்க. கொச்சிப் பக்கம் காயலில் (கடலோர உப்பங்கழியில்) பிடித்த பள்ளத்தி (ஆரஞ்சு குரோமைட்) ஆறு, இரண்டு மாதமாக என்னிடம் இருக்கின்றன. இரண்டடித் தொட்டி, 50 லிட்டர். காயல் மீனுக்கு உப்பு வேண்டும் என்றார்கள். எங்கள் போர் தண்ணி நல்ல உப்புத் தண்ணி, டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மில்லிகிராமில்) 1400 காட்டுகிறது. அதனால் தனியாக உப்புப் போடவில்லை. போன வாரத்திலிருந்து துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றன. இரண்டுக்கு வால் ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை. ஒன்று இன்று காலை செத்துவிட்டது. மனசே சரியில்லை. என்ன செய்யட்டும்?

பொள்ளாச்சியிலிருந்து:
ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கடைசியாக எப்போது, எந்தத் தண்ணியில் அலசினீர்கள்?

பல்லடத்திலிருந்து:
பத்து நாள் முன்னால், அண்ணா. பஞ்சாயத்துக் குழாயில் வருகிற ஆத்துத் தண்ணியில்.

பொள்ளாச்சியிலிருந்து:
குளோரின் போட்ட தண்ணி அது. மீன் கழிவில் வரும் அம்மோனியா விஷத்தை மாற்றுகிற நல்ல பாக்டீரியா ஸ்பாஞ்சில் இருந்தது போயிருக்கும், அம்மோனியா ஏறியிருக்கும். போர் தண்ணியில் பிஹெச் (காரத்தன்மை) கூடுதலாக இருந்தால் அதே அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும். இன்றைக்கே கால் பங்கு தண்ணி மாற்றுங்கள். இரண்டு நாளுக்குத் தீனி வேண்டாம். இனி ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே பிழியுங்கள்.

ஈரோட்டிலிருந்து:
தம்பி, அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள். அப்புறம் உப்பு விஷயம். நம் ஊரில் உப்புத் தண்ணி என்றால் பருப்பு வேகாத தண்ணி, சோப்பு நுரைக்காத தண்ணி. அதில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பும் மக்னீசியமும். டிடிஎஸ் 1400 என்றால் லிட்டருக்கு ஒன்றரை கிராம்கூட இல்லை. கடல் தண்ணியில் லிட்டருக்கு 35 கிராம். பள்ளத்தி நல்ல தண்ணியிலும் உயிரோடு இருக்கும், ஆனால் அங்கே பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். லிட்டருக்கு 5 கிராம் உப்பு வைத்துப் பாருங்கள்.

கடல் மீன் தொட்டிக்கு விற்கிற உப்புதான் சிறந்தது. கிடைக்காவிட்டால் அயோடின் சேர்க்காத கல் உப்பு. கல் உப்பில் சுண்ணாம்பு, மக்னீசியம் மிகக் குறைவு. அந்தக் குறையை உங்கள் போர் தண்ணியே ஓரளவு ஈடுகட்டிவிடும், அது உங்களுக்கு நல்லதுதான்.

ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். தினம் 50 கிராம், வாளியில் முழுக்கக் கரைத்து, ஐந்து நாள். வாரம் 10 லிட்டர் மாற்றும்போது அந்தப் புதுத் தண்ணிக்கு மட்டும் 50 கிராம். வெயிலில் மட்டம் இறங்கினால் உப்பில்லாத தண்ணி ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். இதை மறந்து உப்புத் தண்ணியையே ஊற்றி ஊற்றி, என் தொட்டியில் ஒரு கோடை முழுக்க உப்பு ஏறிக்கொண்டே போனது.

பல்லடத்திலிருந்து:
ரொம்ப நன்றிங்க அக்கா. கூட நாலு கப்பி மீன், இரண்டு கோரி (அடியில் மேயும் சின்னக் கெளுத்தி) இருக்கின்றன. அவற்றுக்கு? கரிமீன் குஞ்சும் விடலாமா?

ஈரோட்டிலிருந்து:
கப்பி தாங்கும். கோரியை உப்புப் போடும் முன்பே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். காயலில் கரிமீன் உடம்பில் ஒட்டும் பூச்சிகளைப் பள்ளத்தி கொத்தித் தின்னும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கரிமீன் ஒரு சாணைத் தாண்டி வளரும். இரண்டடித் தொட்டியில் விடாதீர்கள், பாவம்.

பல்லடத்திலிருந்து, 12 நாள் கழித்து:
பஞ்சு பிடித்ததில் இன்னொன்றும் போய்விட்டது. மற்ற நாலும் துடுப்பை விரித்துவிட்டன, மஞ்சள் நிறமும் திரும்பிவிட்டது. இரண்டு மட்டும் ஒரு ஓட்டுச்சில்லை விடாமல் கொத்திச் சுத்தம் செய்கின்றன. முட்டையிடவா?

ஈரோட்டிலிருந்து:
அதேதான் தம்பி. அந்தச் சில்லை நகர்த்த வேண்டாம். கப்பிகளை இன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.