ஜோசப் வெல்ச்: வழக்கறிஞரும் நடிகரும்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

வழக்கறிஞர் ஒருவர் பின்னாளில் நடிக்கப் போனால், அவர் முன்பு பேசியதும் நடிப்புத்தான் என்று சொல்லிவிடுவது எளிது. ஜோசப் வெல்ச்சை அப்படிச் சொல்வதை என் மனம் ஏற்பதில்லை.

பாஸ்டன் நகர வழக்கறிஞரான அவர், 1954இல் அமெரிக்க செனட் துணைக்குழு முன்பு ராணுவத்துக்காக வாதாடினார். எதிரில் இருந்தவர், கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தியே பலருடைய பிழைப்பைக் கெடுத்த செனட்டர் மெக்கார்த்தி. ஜூன் 9 அன்று, மெக்கார்த்தியின் வழக்கறிஞர் ராய் கோனை வெல்ச் குறுக்கு விசாரணையில் மடக்கிக்கொண்டிருந்தபோது, மெக்கார்த்தி இடையில் புகுந்து, வெல்ச்சின் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரெட் ஃபிஷர் என்ற இளைஞர் முன்பு இடதுசாரி வழக்கறிஞர் சங்கம் ஒன்றில் இருந்தவர் என்று, விசாரணைக்குச் சம்பந்தமே இல்லாத சங்கதியைத் தொலைக்காட்சி நேரலையில் போட்டு உடைத்தார். வெல்ச் கத்தவில்லை. உங்களிடம் கண்ணியம் என்பது கொஞ்சமும் மிச்சமில்லையா என்று கேட்டார். மெக்கார்த்தி விடாமல் தொடரவே, இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன், அடுத்த சாட்சியைக் கூப்பிடலாம் என்று தலைவரிடம் சொல்லி முடித்தார். அரங்கம் கைதட்டியது. அந்த டிசம்பரில் செனட் 67க்கு 22 என்ற வாக்குகளில் மெக்கார்த்தியைக் கண்டித்தது.

ஃபிஷர் பற்றிய செய்தி ஏப்ரலிலேயே நாளேட்டில் வந்துவிட்டதால், வெல்ச் பதிலை முன்கூட்டியே யோசித்திருக்கலாம் என்பது நியாயமான ஐயம்தான். ஆனால் தயாராக வருவது வழக்கறிஞரின் கடமை. அதைப் பாசாங்கு என்பது தவறு. ஃபிஷர் எங்கள் நிறுவனத்தில் தொடர்ந்து இருப்பார் என்று அன்று மன்றத்திலேயே சொன்னார். ஃபிஷரும் அங்கேயே பங்குதாரர் ஆனார்.

1959இல் ஓட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' படத்தில் வெல்ச் நீதிபதியாக வந்தார். பெண்ணின் உள்ளாடை சாட்சியப் பொருளாகும் கட்டத்தில் அரங்கம் சிரிக்கிறது. ஒருமுறை சிரித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுமதிக்கும் நீதிபதி, ஓர் உயிர் போன வழக்கில் சிரிக்க ஒன்றுமில்லை என்று சொல்லும்போது குரலை உயர்த்துவதே இல்லை. மறு ஆண்டு அவர் காலமானார்.

பார்க்க விரும்புவோர் ஜூன் 9 ஒளிப்பதிவை முதலில் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றிப் பார்த்தால் நீதிபதியின் முகம் நினைவில் நின்று, செனட்டில் பேசிய மனிதரையும் பாத்திரமாகக் காட்டிவிடும்.