வகுப்பறையில் ஒரு வாரம்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

சாக்பீஸ்தூள்
மூன்றாம் வகுப்பு, விதை முளைக்கும் வாரம். எல்லோரும் செய்ததுதான்: கண்ணாடிக் குடுவை, ஈரப் பஞ்சு, ஓரமாக ஊறவைத்த அவரை விதை, தினமும் நோட்டில் படம், வெள்ளிக்கிழமை பெற்றோர் பார்வைக்கு. வியாழன் காலை வகுப்புத் தலைவி ஓடி வந்து, "டீச்சர், இவன் குடுவையைத் தலைகீழா வெச்சு செடியைக் கெடுத்துட்டான்" என்றாள். அவன் மெதுவாக, "கெடுக்கல டீச்சர். கீழே எதுன்னு அதுக்குத் தெரியுதான்னு பார்த்தேன்" என்றான். வாங்கிப் பார்த்தால் வேர் முதலில் ஒரு பக்கம் வளர்ந்து, அப்புறம் தூண்டில் முள் மாதிரி வளைந்து எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது! மற்ற எல்லோரிடமும் நேரான வேர், நேரான படம். வெள்ளியன்று மேசை அடுக்க வந்த மூத்த ஆசிரியை, "இது கோணலா இருக்கே, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க" என்று அதை மட்டும் எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவனே நாற்காலி போட்டு ஏறி, குடுவையில் ஒட்டியிருந்த தன் பெயர்ச் சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கோபமெல்லாம் இல்லை, முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் என்னவோ செய்கிறது.

இரண்டுபிள்ளைஅம்மா
வெள்ளிக்கிழமை மேசை என்றதும் எனக்கும் ஒன்று. மகள் நீர்ச் சுழற்சி சார்ட் பக்கத்தில் நின்றுகொண்டு ஆவியாதல், குளிர்தல், மழை என்று அம்புக்குறி அம்புக்குறியாகச் சொன்னாள், ஒரு எழுத்து பிசகவில்லை. நான் சும்மா, "ஈரத்துணி காயுதே, அந்தத் தண்ணி எங்கடா போகுது?" என்றேன். திரும்பி சார்ட்டை மேலிருந்து கீழ் வரை தேடிவிட்டு, "அது இதுல இல்லம்மா" என்றாள். ஆசிரியர் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய. வாரம் முழுக்க வெட்டி, ஒட்டி, ஜிகினா தூவி, பாதி சார்ட்டை இரவு பதினொரு மணிக்கு வீட்டில் நான் முடித்தது வேறு. இந்தச் செயல்பாட்டு வாரமெல்லாம் எங்களுக்குக் காட்டுவதற்குத்தான். அந்த நேரத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாலாவது ஒட்டும்.

பழையமணி
என் வகுப்பில் ஒருமுறை எல்லாக் குடுவையும் பூசணம் பிடித்து, திறந்ததும் முன்வரிசை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அதோடு சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன், உங்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

சாக்பீஸ்தூள், முதலில் அவரையே வேண்டாம். அது மெதுவாக முளைக்கும், பாதி வாரம் பிள்ளைகள் வெறும் விதையைத்தான் வரைவார்கள். பச்சைப்பயறு எடுங்கள். இரவு ஊறவைத்தால் ஓரிரு நாளில் வெள்ளை முனை தெரியும், வெள்ளிக்குள் இலையே வந்துவிடும். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. விதையும் மூச்சு விடுகிறது, மூழ்கினால் காற்றில்லாமல் அழுகிவிடும், பூசணத்துக்கும் பாதிக் காரணம் அதுதான். ஒரு குடுவையை இருட்டு அலமாரியில் வையுங்கள். "வெளிச்சம் இல்லன்னா முளைக்காது" என்று பாதி வகுப்பு அடித்துச் சொல்லும். ஆனால் அது முளைக்கும், அதுவும் வெளுத்துப்போய் மற்றதைவிட நெட்டையாக வளரும், ஏனென்றால் முளைப்பதற்கான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்றைத் தண்ணீர் இல்லாமல் வையுங்கள். என்ன நடக்கும் என்று திங்களன்றே எழுதி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வியாழனன்று எல்லோரும் "எனக்கு அப்பவே தெரியும்" என்பார்கள். வேர் வளைந்திருந்தால் அளவுகோலை நேராக வைக்காதீர்கள், நூலை வேரோடு ஒட்டிப் பிடித்து, அந்த நூலை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று குடுவை உபரியாக இருக்கட்டும், யாராவது ஒருவருடையது முளைக்காது, அந்தப் பிள்ளை அழும்.

அந்தப் பையன் விஷயம். வேர் நுனிச் செல்களில் குட்டிக் குட்டி மாவுமணிகள் இருக்கின்றன. குடுவையைத் திருப்பினால் அவை புதிய கீழ்ப்பக்கத்தில் போய்ப் படியும். அதையொட்டி ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் அந்தப் பக்கம் சேரும். வேரில் ஆக்சின் அதிகமானால் வளர்ச்சி குறையும், மேல்பக்கம் மட்டும் வேகமாக நீள, வேர் கீழே வளையும். 1806-இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் ஓடும் நீர்ச்சக்கரத்தில் விதைகளைக் கட்டிச் சுழலவிட்டார். வேர் வெளிப்பக்கமாகவும் தண்டு நடுவை நோக்கியும் வளர்ந்தது, அதாவது சுழற்சி தள்ளிய வெளிப்பக்கத்தையே விதை 'கீழே' என்று எடுத்துக்கொண்டது. அவன் கேட்டதும் அதே கேள்விதான் என்று அவனிடம் சொல்லுங்கள். இன்னும் தாமதமாகிவிடவில்லை.

மூன்றாம்பீரியட்
இரண்டுபிள்ளைஅம்மா, வாய்ப்பாடு ஒட்டும் என்றீர்கள் இல்லையா, இதைக் கேளுங்கள். எங்கள் வகுப்பில் வாய்ப்பாட்டில் முதலாவதாக வரும் பெண் ஒருத்தி. திங்களன்று கரும்பலகையில் 8 + 4 = □ + 5 என்று போட்டேன். பெரும்பாலோர் 12, கொஞ்சம் பேர் எல்லாவற்றையும் கூட்டி 17. இவள் 12 எழுதிவிட்டு எழுந்து நின்று, "டீச்சர், விடை வந்தாச்சு, அந்த + 5 அச்சுப்பிழை, அழிச்சிடுங்க" என்றாள். அவ்வளவு நிச்சயமாக! அவளைப் பொறுத்தவரை = என்றால் 'இங்கே விடை எழுது' என்று அர்த்தம், இரண்டு பக்கமும் சமம் என்பது அவள் மனதில் வந்ததே இல்லை. அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதே கணக்கைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999-இல் வந்தது, அங்கேயும் 12, 17 என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே வயது ஏறினால் தானாகச் சரியாகும் என்று விடவும் முடியாது. மறுநாள் தராசு கொண்டுபோனேன். ஒரு தட்டில் 8 காயும் 4 காயும், மறு தட்டில் 5. அவளே ஒவ்வொன்றாகப் போட்டு, ஏழாவது காயில் முள் நடுவில் வந்ததும் கையை எடுத்துவிட்டு என்னை முறைத்தாள், நான்தான் ஏமாற்றிவிட்டேன் என்பது போல. வெட்டி ஒட்டுவதற்கும் செயல்பாட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது அம்மா, ஜிகினாவைத் திட்டுங்கள், தராசைத் திட்டாதீர்கள்.

சாக்பீஸ்தூள்
பழையமணி ஐயா, விவரத்துக்கு நன்றி, நைட் கதையை அவனிடம் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் பயறா அவரையா என்று நான் கேட்கவில்லையே. பயறு போட்டிருந்தாலும் பீரோ மேல்தான் போயிருக்கும்.

வராந்தாநிழல்
சுருக்கமாக. நிழல் அளக்கும் நாள். காலையில் ஜோடி ஜோடியாக நின்று பாதத்தையும் நிழலையும் சாக்பீஸால் வரைந்தார்கள். நண்பகலில் அதே பாதத்தடத்தில் வந்து நிற்க வேண்டும். ஒரு குட்டிப் பையன் நின்றான், நிழல் வரைந்த கோட்டில் பாதிகூட இல்லை, திசையும் வேறு. உதடு துடிக்க, "இது என்னோடது இல்ல, யாரோ மாத்திட்டாங்க" என்று அழிக்கத் தொடங்கிவிட்டான். பாடத்தில் "நண்பகலை ஒட்டி நிழல் குட்டையாக இருக்கும்" என்று படித்து, சத்தமாகச் சொல்லி, சரியும் வாங்கியவன்தான். மூன்று மணிக்கு நிழல் மறுபடி நீளமாகி இன்னொரு பக்கம் விழுந்தபோது வந்து பார்க்கச் சொன்னேன், வரவே மாட்டேன் என்றுவிட்டான்.

பயிற்சிக்காலம்
நான் இன்னும் ஆசிரியர் ஆகவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்து எழுதும் பயிற்சியில் இருக்கிறேன். ஆசிரியர் நல்லவர், கத்தமாட்டார், அருமையாகக் கேள்வி கேட்பார். ஆனால் கேட்டதும் முன்வரிசையில் மூன்று கை, ஒருவர் பதில், சரி, அடுத்த கேள்வி. என் பக்கத்தில் ஒரு சிறுமி. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் கை மேசையிலிருந்து கொஞ்சம் எழும்பும், தோள் வரை வருவதற்குள் யாரோ சொல்லிவிடுவார்கள், கை இறங்கிவிடும். திங்கள் அப்படி, செவ்வாயும் அப்படி. இடைவேளையில், "என்ன சொல்ல நினைச்சே?" என்று கேட்டேன். "எந்தக் கேள்விக்கு?" என்றாள். அத்தனை பதில் வைத்திருந்திருக்கிறாள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள். இதை அந்த ஆசிரியரிடம் சொல்லலாமா? என் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான்.

இரண்டுபிள்ளைஅம்மா
மூன்றாம்பீரியட், தராசு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மாதிரி எத்தனை பேர் தராசு தூக்கிக்கொண்டு வருகிறார்கள்? எங்களுக்கு வருவது "நாளைக்கு நான்கு நிறத்தில் சார்ட் பேப்பர்" என்ற செய்திதான், அதுவும் கடை மூடிய பிறகு. @பயிற்சிக்காலம், கையெழுத்து வாங்கிவிட்டுச் சொல்லுங்கள்.

டம்ளர்தண்ணி
ஒன்றாம் வகுப்பு, கொள்ளளவு, ஒரு சிறுமி. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் தண்ணீர், "ரெண்டும் ஒண்ணா?" "ஒண்ணு." ஒன்றை அவள் கண்முன்னே ஒல்லியான உயர டம்ளரில் ஊற்றினேன், "இப்போ?" "இதுல நிறைய." பாத்திரம் மாறினால் அளவே மாறிவிட்டதாகச் சின்னப் பிள்ளைகள் நினைப்பார்கள் என்று உளவியலாளர் பியாஜே சொன்னது அப்படியே நடக்கிறதே, இந்த வயதுக்கு இப்படித்தான் என்று குறிப்பேட்டில் எழுதப் போனேன். அவள் போகிற போக்கில் தோழியிடம், "ஒண்ணுன்னுதான் சொன்னேன், சார் மறுபடி கேட்டாரு, அப்ப தப்புன்னு மாத்திட்டேன்" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

அப்புறம் தேடிப் படித்தேன், 1974-லேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். முதலில் கேட்காமல், மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை கேட்டால் சரியாகச் சொல்லும் பிள்ளைகள் அதிகமாம். வேறு சிலர் மாற்றும் வேலையைக் குறும்புக் கரடி பொம்மை ஒன்று 'தவறுதலாக'ச் செய்ததாக வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் சரியாகச் சொன்னவர்கள் அதிகம். அது சரி, பெரியவர் ஒருத்தர் வேண்டுமென்றே ஊற்றிவிட்டு அதே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எங்கள் வகுப்பில் கரடி பொம்மை இல்லை, ஒரு கிழிந்த யானை இருக்கிறது. அடுத்த வாரம் அதுதான் தண்ணீரைக் கொட்டப் போகிறது.